மலையேறத் தெரியாத நெருப்பு

சிப்காட்டில் மூடிக்கிடக்கும் சாயக் கம்பெனியின் கோபுரம்
இருபது மீட்டர்.
உச்சியிலிருந்து பெட்டியை விட்டால்
தரைக்கு வர இரண்டு விநாடி.
கடலூரில் எங்களுக்கு வாய்த்த விண்வெளி
அந்த இரண்டு விநாடிதான்.

கீழே சோனங்குப்பத்துக் கிழிந்த வலைகளை
ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கிறோம்.
முதலில் போட்டது முந்திரித் தோட்டு மூட்டைகள், மலிவு.
ஜுலைகா மோந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"நெருப்பை அணைக்க வந்தோமா, வறுக்க வந்தோமா?"

பெட்டிக்குள் ஒரு கேமரா, சூடேறும் ஒரு சுருள்,
என் பழைய துப்பட்டாவில் விரலகலத் துண்டு.
தரையில் இருக்கும்வரை நெருப்புக்கு ஒரே புத்தி,
மேலே போவது.
விழத் தொடங்கியதும் மேல் எதுவென்று மறந்துவிடும்.
நாக்கு சுருங்கும். மஞ்சள் போகும்.
உருண்டு நீலமாகி நிற்கும்,
வாடை அடித்த மறுநாள் தேவனாம்பட்டினத்தில்
கரையொதுங்கும் சொறி மாதிரி.
அழகு என்றுகூட ஒருமுறை சொல்லிவிட்டேன்.
ஜுலைகா முறைத்தாள்.

அங்கே ஊதினால் அது தின்று கொழுக்கும்.
வாயுவைப் பீய்ச்சினால் பொரிப்பொரியாய்ச் சிதறி
ஒவ்வொரு பொரியும் தனிக்குடித்தனம் தேடும்.
பொடி தூவினால் பொடி இறங்காது,
இருக்கிறவர்கள் மூக்கில் மாதக்கணக்கில் குடியிருக்கும்.
சன்னல் திறக்க முடியாத வீட்டில்
புகையை எந்தப் பக்கம் விரட்டுவது?

அதனால் ஊதாங்குழலைத் திருப்பிப் பிடித்தோம்.
குழலுக்குப் பின்னால் காற்றே இல்லாத ஒரு குடுவை.
வால்வு திறந்தால் ஒரே மூச்சு,
சுடர், புகை, கரி, உதிர்ந்த நூல்
எல்லாம் உள்ளே.
சொல்ல எளிது.

ஏழாவது முறை வால்வு தாமதம்.
பத்தொன்பதில் சுடர் போனது, கங்கு தங்கியது,
இழுத்த காற்றிலேயே பளிச்சென்று கண் விழித்தது.
இருபத்தாறில் பெட்டி வலையில் துள்ளி
காவலாளி அஞ்சாப்புலியின் சைக்கிள்மேல் விழுந்தது.
பரங்கிப்பேட்டையிலிருந்து வரும்போது
ஜுலைகா ஒரு ரிம் வாங்கி வந்தாள்.
"ரெண்டு செகண்டு நெருப்புக்கு இம்மாம் பாடா?" என்றார்,
நேரங்கெட்ட நேரத்தில் சங்கு பிடித்தால்
ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு
காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஓடத் தெரிந்த மனிதர்.

நாற்பத்து மூன்று.
பெட்டியைத் திறந்தோம்.
துண்டு பாதி மிச்சம், கருகிய ஓரம்
கத்தரித்தாற்போல் நேராக.
ஜுலைகா உள்ளே மூக்கை விட்டாள்,
எடுத்தாள், மறுபடி விட்டாள்.
வாசனை இல்லை.
இந்தச் சிப்காட்டில் வாசனையே இல்லாமல்
ஒரு சாண் அகலத்துக்கு ஓர் இடம்.
அஞ்சாப்புலியைக் கூப்பிட்டு முகரச் சொன்னோம்.
அவர் வெகுநேரம் முகர்ந்துகொண்டிருந்தார்.

கேமராவில் நீலம் நீள்கிறது, ஒல்லியாகிறது,
கதவிடுக்கில் பூனை நுழைவதுபோல் நுழைகிறது.
கடைசியாக வால்.

அன்றிரவு மஞ்சக்குப்பத்தில் கரண்ட் இல்லை.
மெழுகுவர்த்தியை ஊதக் குனிந்தவள் நின்றுவிட்டேன்.
எங்கள் வீட்டில் விளக்கு அணைந்தது என்று சொல்வதில்லை,
மலையேறியது என்போம்.
மலை எந்தப் பக்கம் என்று
இந்தச் சுடருக்குத் தெரிந்திருந்தது,
நிமிர்ந்து நின்றது.

என்றோ ஒருநாள்
பெயர் தெரியாத ஒருத்தி உறக்கம் கலைந்து
சுவரோரம் ஒரு நீல உருண்டையைப் பார்ப்பாள்.
குழல் அவள் கைக்கு எட்ட வேண்டும்.
வால்வு சிக்கக் கூடாது.
இதுவரை பதினேழு முறை சிக்கியிருக்கிறது.

கரண்ட் வந்ததும் ஜுலைகாவின் செய்தி:
"பருத்தி நல்ல பிள்ளை, போ என்றால் போய்விடும்.
நாளைக்கு பாலியெஸ்டர்.
உன்னிடம் பழைய புடவை இருக்கிறதா?"